எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்தை விடாமல் உட்கொள்ளச் செய்யும் குழுப்பணி: பலனை அளப்பது எப்படி?

கேள்வி (ஆலோசகர்): மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆலோசகர், எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒருவர் என ஐவர் சேர்ந்து, எச்.ஐ.வி. நோயாளிகள் தங்கள் கூட்டுமருந்தை (பல மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை) விடாமல் உட்கொள்ளத் துணைநிற்கிறோம். கேட்டால் எல்லோருமே ஒரு வேளையும் தவறவில்லை என்கிறார்கள். இதை வெற்றியாகக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. அக்கறையோடு பழகும் குழுவே கேள்வியையும் கேட்கும்போது, மருந்தை விட்டதை ஒப்புக்கொள்ளப் பலருக்கும் கூச்சம் இருக்கும். மீதமுள்ள மாத்திரைகளை எண்ணுவதும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. வருவதற்கு முன் குப்பியைக் காலிசெய்துவிடுவது எளிது. மருந்தகப் பதிவேடு, மருந்தை வாங்கினார் என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவையே முதன்மை அளவீடாகக் கொள்ளுங்கள். ஒரு மில்லிலிட்டரில் 1000 பிரதிகளுக்கு மேற்படாமல் இருந்தால் வைரஸ் அடங்கியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. ஆனால் மருந்தை ஒழுங்காக உட்கொண்டும், மருந்து எதிர்ப்புத்திறன் (வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாதபடி மாறிவிடுவது) காரணமாக வைரஸ் குறையாதவர்களும் உண்டு என்பதால், மருந்தகப் பதிவேட்டையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி (செவிலியர்): 95 சதவீத வேளைகளாவது உட்கொள்ள வேண்டும் என்ற விதி இன்னும் பொருந்துமா?

பதில்: அது 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றிலிருந்து பரவிய எல்லை, அன்றைய மருந்துகளுக்கு உரியது. டொலுடெக்ராவிர் போன்ற இன்றைய மருந்துகள் ஓரிரு தவறுதல்களை ஓரளவு தாங்கும். ஆனாலும் நோயாளியிடம் ஒரு வேளையும் விடாதீர்கள் என்று சொல்வதே சரி.

கேள்வி (திட்ட மேலாளர்): வைரஸ் அளவு மிகுந்திருந்தவர்களையே திட்டத்தில் சேர்த்தோம். ஆறு மாதத்தில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிட்டது. இதற்கு மேலும் ஒப்பீடு தேவையா?

பதில்: நிச்சயம் தேவை. மிக மோசமான நிலையில் இருக்கும்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், எந்தத் திட்டமும் இல்லாமலே அடுத்த பரிசோதனையில் மேம்பட்டிருப்பார்கள். அதே காலத்தில் மருந்து மாற்றப்பட்டிருந்தால் அதன் பலனும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். ஒரே மையத்தில் சிலருக்குக் குழுவின் துணையும் சிலருக்கு வழக்கமான கவனிப்பும் என்று பிரித்தால், பணியாளர்கள் ஒருவரே என்பதால் இரண்டும் கலந்துவிடும். எனவே நோயாளிகளை அல்லாமல் மையங்களைக் குலுக்கல் முறையில் பிரிப்பதே நல்லது. அப்போது மையங்களின் எண்ணிக்கை முக்கியமாகிறது: ஒரே மையத்தைச் சேர்ந்தவர்கள் பல வகையிலும் ஒத்திருப்பதால், இரண்டு மையங்களில் ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் சான்று வலுப்பெறாது. எந்த மையத்துக்கும் திட்டத்தை மறுக்க மனமில்லையென்றால், எல்லா மையங்களிலும் படிப்படியாகத் தொடங்கி, தொடங்கும் வரிசையை மட்டும் குலுக்கலுக்கு விடலாம்.

கேள்வி (புள்ளிவிவர உதவியாளர்): இடையில் வராமல் போனவர்களைக் கணக்கிலிருந்து நீக்கலாமா?

பதில்: திட்டங்கள் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் இடம் இதுதான். நூறு பேர் சேர்ந்து, எழுபது பேர் மட்டும் தொடர்ந்து வந்து, அவர்களில் 63 பேருக்கு வைரஸ் அடங்கியிருப்பதாகக் கொள்வோம். வந்தவர்களை மட்டும் எண்ணினால் 90 சதவீத வெற்றி. சேர்ந்தவர்கள் அனைவரையும் எண்ணினால் 63. வராதவர்களைத் தேடி, இறந்தவர், வேறு மையத்துக்கு மாறியவர், மருந்தையே நிறுத்தியவர் என வகைப்படுத்துங்கள். இரண்டு கணக்கையும் அறிக்கையில் காட்டுங்கள்.

கேள்வி (சமூகப் பணியாளர்): குழுவில் யாருடைய பணி பலன் தந்தது என்று பிரித்தறிய முடியுமா?

பதில்: முழுமையாக முடியாது. 538 பேரைக் கொண்டு கென்யாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மட்டும் நலம் விசாரிக்கும் குறுஞ்செய்தி வாரந்தோறும் சென்றது. பதில் தராதவர்களையும் சிக்கல் இருப்பதாகச் சொன்னவர்களையும் பணியாளர் அழைத்துப் பேசினார். வைரஸ் அடங்கியவர்கள் அப்பிரிவில் 57 சதவீதம், குறுஞ்செய்தி பெறாத ஒப்பீட்டுப் பிரிவில் 48. பலன் குறுஞ்செய்தியாலா அழைப்பாலா என்பதை அந்த எண்கள் சொல்லா. அழைப்புக்கே பெரும்பங்கு என்பது என் ஊகம். யார், யாரை, எத்தனை முறை சந்தித்தார் என்பதை இப்போதிருந்தே பதிந்துவாருங்கள். அந்தப் பதிவு இல்லையென்றால், பலன் கிட்டாதபோது திட்டம் தவறா, அது நடைமுறைக்கே வரவில்லையா என்பதுகூடத் தெரியாது.