பெயின்ட்டை உரித்தால் எத்தனை கிராம் குறையும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மலையிலிருந்து இறங்கி ஓட்டும் டவுன்ஹில் சைக்கிளின் ஃபிரேமில் பெயின்ட்டை உரிப்பது, எடையைக் குறைப்பது. பினாங்கில் யாரோ வெள்ளி போலப் பளபளக்கும் சைக்கிளை ஓட்டி எல்லார் ஆசையையும் கிளப்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

அண்ணே, என்னுடையது அலுமினிய ஃபிரேம். பெயின்ட்டை முழுக்க எடுத்தால் எவ்வளவு குறையும்? (ஆயர் ஈத்தாம்)

அரை கிளாஸ் தே ஓ (பால் இல்லாத டீ) அளவுக்கு. என் பழைய ஃபிரேமை ஷாக், பேரிங் எல்லாம் கழற்றிவிட்டுச் சமையலறைத் தராசில் வைத்தேன். உரிப்பதற்கு முன் 3,420 கிராம், உரித்த பிறகு 3,290. இந்த 130 கிராமுக்கு இரண்டு வார இறுதிகள் போயின. வீட்டுக்காரி இன்னும் அந்தத் தராசைத் தொடுவதில்லை. உங்களுடையது தடித்த பவுடர் கோட்டிங் (தூளாக அடித்துச் சூட்டில் இறுக்கும் பெயின்ட்) என்றால் இன்னும் கொஞ்சம் குறையலாம். ஆனால் முழு சைக்கிள் 16 கிலோ இருக்கும்போது இது ஒரு சதவீதத்துக்குப் பக்கம்தான். அழகுக்காக உரியுங்கள், விரிசல் இருக்கிறதா என்று பார்க்க உரியுங்கள். எடைதான் குறி என்றால் வேறு இடங்கள் இருக்கின்றன, கீழே வருகிறேன்.

அடுக்குமாடி வீடு. பால்கனியில் வைத்து நானே உரிக்கலாமா? (பாயான் லெப்பாஸ்)

எந்தப் பெயின்ட் ரிமூவர் என்பதைப் பொறுத்தது. பழைய வகைகளில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். பத்து நிமிடத்தில் பெயின்ட் சுருங்கி எழும்பும், வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும், உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் அதைப் பயன்படுத்தி உயிரை விட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2019-லேயே பொதுமக்களுக்கு அதைச் சில்லறையில் விற்பதை நிறுத்திவிட்டார்கள். பால்கனிக்கு அது வேண்டாம். பென்சைல் ஆல்கஹால் வகையை வாங்குங்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும், இரவு முழுக்க விட வேண்டியிருக்கும், பரவாயில்லை. அலுமினியத்துக்கு ஏற்றது என்று டின்னில் போட்டிருக்கிறதா பாருங்கள்.

முதலில் பேரிங், ஹெட்செட் கப் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துக் கிண்ணம்), பாட்டம் பிராக்கெட் (பெடல் சுழலும் அச்சு), கேபிள் போகும் ரப்பர் துண்டுகள் எல்லாம் வெளியே வரட்டும். ரிமூவர் பேரிங்குக்குள் இறங்கினால் கிரீஸ் கரைந்துவிடும். பிரஷ்ஷால் தடிமனாக ஒரே பக்கமாகப் பூசுங்கள், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டால் சீக்கிரம் காயாது. எழும்பிய பெயின்ட்டைக் காலாவதியான பேங்க் கார்டால் சுரண்டுங்கள். கத்தி வேண்டாம், கோடு விழும். வெல்டிங் மடிப்புகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் அல்லது பித்தளை பிரஷ். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது, அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து பின்னால் அரிப்பைக் கொண்டுவரும். மிச்சத்துக்குச் சட்டி தேய்க்கும் பச்சை நார், அப்புறம் 400 நம்பர் கெர்த்தாஸ் பாசிரை (உப்புத்தாள்) தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும்.

ஒன்று கவனம்: பேரிங் உட்காரும் வளையத்தைத் தேய்க்கவே கூடாது. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு போனாலும் பேரிங் ஆடும், பிறகு ஒவ்வொரு மேட்டிலும் கிரீச் கிரீச்தான். கைக்குத் தடித்த ரசாயனக் கையுறை போடுங்கள்; கிளினிக்கில் போடும் மெல்லிய நைட்ரைல் தாங்காது.

காஸ்டிக் சோடா மலிவாகக் கிடைக்கிறதே, அதில் ஊறவைத்தால்? (பட்டர்வொர்த்)

பதினேழு வயதில் நான் அதைத்தான் செய்தேன். தோட்டத்து வீட்டுப் பின்புறம், தண்ணீர்த் தொட்டியில் ஒரு அலுமினிய ஹேண்டில்பாரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தொட்டி நுரைத்துப் பொங்குகிறது, பார் கறுத்துக் கிடக்கிறது, விரலால் தடவினால் மேல்பகுதி சொரசொரவென்று உதிர்கிறது. காஸ்டிக் சோடா பெயின்ட்டோடு அலுமினியத்தையும் சேர்த்துச் சாப்பிடும். வெளியே வரும் நுரை ஹைட்ரஜன் வாயு, நெருப்புப் பொறி பட்டால் போச்சு. அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்பிரேக்களிலும் பெரும்பாலும் இதே சரக்குதான். எஃகு ஃபிரேமுக்குச் சரி, அலுமினியத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பவுடர் கோட்டிங் பட்டறையில் பழைய பெயின்ட்டையும் அவர்களே எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா? (புக்கிட் மெர்தாஜாம்)

எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். வாசல் கேட்டிலும் இரும்புக் கம்பியிலும் பழகிய சில பட்டறைகள் பொருளை அடுப்பில் வைத்து 350 டிகிரிக்கு மேல் எரித்துப் பெயின்ட்டைச் சாம்பலாக்குவார்கள். 6061-T6 என்ற அலுமினியக் கலவை ஃபிரேமின் பலமே சூட்டுப் பதப்படுத்தலில் இருந்து வந்தது. அந்தச் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். பார்க்க அப்படியே இருக்கும், முதல் பெரிய டிராப்பில்தான் (மேட்டிலிருந்து கீழே குதிக்கும்போதுதான்) தெரியும். புது பவுடரைக் காயவைக்கும் சூடு 180, 200 டிகிரி, அதுவும் பத்து இருபது நிமிடம். அது பெரிய பிரச்சினை இல்லை. கையில் பிடிக்கும் ஹீட் கன்னும் ஒரே இடத்தில் நின்றால் ஆபத்துதான்.

மணல் வீசி எடுப்பார்கள் என்றால் கரடுமுரடான மணல் வேண்டாம், கண்ணாடி மணி அல்லது பிளாஸ்டிக் துகள் கேளுங்கள். மரையும் பேரிங் இடமும் அடைத்த பிறகுதான் வீச வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது லாரி ஏறும்போது மறந்துபோகும்.

உரித்த பிறகு பெயின்ட் இல்லாமல் அப்படியே விடலாமா? (தஞ்சோங் பூங்கா)

கடல் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். வெறும் அலுமினியம் துரு பிடிக்காது, மேலே தானாக ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும். ஆனால் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் மங்கும், புள்ளி புள்ளியாகக் குழி விழும். கார் மெழுகைத் தவறாமல் பூசினால் சமாளிக்கலாம்.

கண்ணாடி போலப் பளபளப்பாக்கி மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) அடிப்பதுதான் எல்லாருக்கும் ஆசை, சங்கடமும் அதில்தான். பளபளத்த பரப்பில் கிளியர் சரியாகப் பிடிக்காது. ஒரு கல் பட்டுச் சின்னக் கீறல் விழுந்தால் அங்கிருந்து ஈரம் உள்ளே போகும். சில மாதங்களில் கிளியருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல மெல்லிய கோடுகள் ஓடும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது நன்றாக வளரும். கிளியர்தான் வேண்டுமென்றால் கண்ணாடி மணி வீசிய மங்கலான பரப்பின் மேல் அடியுங்கள்.

ஃபிரேமில் தேவையில்லாத இடங்களில் ஓட்டை போட்டால்? (கிள்ளான்)

தம்பி, வேண்டாம். ஓட்டையின் ஓரத்தில் அழுத்தம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். அலுமினியம் களைப்பை மறக்காத உலோகம். ஒவ்வொரு குதியும் கணக்கில் சேரும்.

அப்படியானால் எடையை எங்கேதான் குறைப்பது? (ஆயர் ஈத்தாம், பாலிக் புலாவ், இன்னும் பலர்)

டயரைப் பாருங்கள். டவுன்ஹில் டயர் ஒன்று 1,200 கிராமுக்கு மேல் இருக்கும். உள்ளே டவுன்ஹில் டியூப் என்றால் இன்னும் முந்நூறுக்கு மேல். டியூப்லெஸ்ஸுக்கு மாறினால் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) போக ஒரு சக்கரத்துக்கு 200 கிராமாவது மிச்சம். சக்கரத்தில் குறைவது ஓட்டும்போது கையிலேயே தெரியும். முன்னால் கொஞ்சம் மெல்லிய டயர் போடலாம். பின்னால் தொடாதீர்கள். பினாங்கு மலை முழுக்க கருங்கல், கூர் விளிம்பு மெல்லிய டயரைப் பிளந்துவிடும். இந்தச் சூட்டில் சீலன்ட் சீக்கிரம் காயும், மாதம் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள்.

அடுத்தது ஷாக்கின் எஃகு ஸ்பிரிங். டைட்டானியத்துக்கு மாற்றினால் நூறு, இருநூறு கிராம் குறையும், பணப்பையும் நன்றாகவே குறையும். போல்ட்டுகளில் அலுமினிய போல்ட்டைப் பிரேக், ஷாக், ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இறங்கும்போது எடை குறைந்ததால் வேகம் கூடிவிடாது. திருப்புவதும் தூக்குவதும் லேசாகும். ஏற்றிவிட ஜீப் கிடைக்காத நாளில் தள்ளிக்கொண்டு ஏறும் தோளுக்கும் நல்லது.

உரித்தபோது ஹெட் டியூப் (ஃபிரேமின் முன்பக்கக் குழாய்) வெல்டிங் பக்கத்தில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. பெயின்ட் கீறலா, விரிசலா? (பாலிக் புலாவ்)

பெயின்ட் முழுக்கப் போன பிறகும் கோடு இருந்தால் பெயின்ட் கீறல் இல்லை. தொழிற்சாலைப் பொருள் விற்கும் கடையில் மூன்று ஸ்பிரே கொண்ட செட் கிடைக்கும். முதலில் கிளீனர். அப்புறம் சிவப்புச் சாயம், டப்பாவில் சொன்ன நேரம் விட்டுத் துடைத்துவிடுங்கள். கடைசியாக வெள்ளைப் பவுடர் ஸ்பிரே. விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு மெல்ல ஊறி வெளியே வரும். வெறும் கீறல் என்றால் பெரும்பாலும் துடைப்பிலேயே போய்விடும். சிவப்பு ஊறினால் அந்த ஃபிரேமில் ஏறாதீர்கள். மேலே வெல்ட் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னாலும் ஏறாதீர்கள், வெல்ட் பக்கத்தில் பதம் போயிருக்கும்.

கார்பன் ஃபிரேமுக்கும் இதே ரிமூவர்தானா? (செராஸ்)

இல்லை. ரிமூவர் கார்பன் நாரைப் பிடித்துவைத்திருக்கும் எபாக்சிப் பசையையும் இளக்கிவிடும். கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், கறுப்புத் தூள் வரத் தொடங்கியதும் நிறுத்துங்கள். முகமூடி கட்டாயம்.

பெயின்ட்டோடு சீரியல் நம்பரும் போய்விடுமா? (ஜெலுத்தோங்)

பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் குத்தி எழுதியிருந்தால் போகாது. ஸ்டிக்கராக இருந்தால் போய்விடும். ரிமூவர் டின்னைத் திறக்கும் முன் போனில் படம் எடுத்து வையுங்கள்.