கார்டில் பேர் இருக்கா?

கேள்வி: வணக்கம் சார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் மதுரையில் ஒருவரிடம் ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்துக்கு ஓட்டலாம் என்று பாயிங்க் மென்பொருளையும் நிறுவினேன். திரையில் படம் நன்றாக வருகிறது, கேம் ஓடுகிறது. எங்கோ படித்து, பாஷ்ஆர்சி கோப்பில் ரஸ்டிகல் வரி ஒன்றைச் சேர்த்ததும் சிஎல்இன்ஃபோ கூட கார்டின் பெயரைக் காட்டிவிட்டது. பாயிங்க் மட்டும் 'பயன்படுத்தத்தக்க ஜிபியு எதுவும் இல்லை' என்றே சாதிக்கிறது. இரண்டு தடவை ஓஎஸ்ஸையே அழித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 'மைனிங்கில் அடிபட்ட கார்டுடா, தூக்கிப் போடு' என்கிறான் நண்பன். போட்டுவிடலாமா?
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

பதில்: போட்டுவிடாதீர்கள் தம்பி. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. கேம் ஓடுகிறது, சிஎல்இன்ஃபோ பெயர் சொல்கிறது என்றால் கார்டுக்கு உயிர் இருக்கிறது. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயத்துக்கு கிராஃபிக்ஸ் கார்டில் சுரங்கம் தோண்டும் வேலை முடிவுக்கு வந்ததும், இந்த 580-கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. என் கடைக்கும் நிறைய வந்தன. பெரும்பாலும் ஃபேன்தான் தேய்ந்திருக்கும். சிப் தெம்பாகவே இருக்கும்.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. பாயிங்க் என்பது போயிங் விமானம் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான மென்பொருள். நம் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும் நேரத்தை விஞ்ஞானிகளின் கணக்குகளுக்குக் கொடுக்க உதவுகிறது. நம் மாணவர் சேர்ந்திருக்கும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் 2005-இல் தொடங்கியது. 2010-இல் அரேசிபோ தொலைநோக்கியின் பதிவுகளிலிருந்து, நொடிக்குச் சுமார் 41 முறை சுற்றும் ஒரு பல்சாரை, அதாவது துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் நட்சத்திர எச்சத்தை, அது கண்டுபிடித்தது. அந்தக் கணக்கைப் போட்டவை அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவருடைய கம்ப்யூட்டரும். அடுத்தது கோவில்பட்டியாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 'கார்டு தெரிகிறது' என்கிறீர்கள். யாருக்குத் தெரிகிறது? உங்களுக்கு. பாயிங்க் உங்கள் பெயரில் ஓடவில்லையே! டெபியனில் அதை நிறுவும்போதே 'பாயிங்க்' என்ற பெயரில் தனியாக ஒரு பயனர் உருவாகிவிடுகிறார். வெளியிலிருந்து வரும் நிரல்கள் உங்கள் வீட்டுக் கோப்புகளைத் துழாவக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரேஷன் கடையில் என்ன நடக்கும்? வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், கார்டில் பேர் ஏறாவிட்டால் அவருக்கு அரிசி கிடையாது. உங்கள் பாயிங்க் அந்த மாப்பிள்ளை.

ஆகவே நீங்கள் பார்த்தது போதாது, மாப்பிள்ளையின் கண்ணால் பார்க்க வேண்டும். டெர்மினலில் 'சூடோ, மைனஸ் யு, பாயிங்க், சிஎல்இன்ஃபோ' என்று ஓட்டுங்கள். (கட்டளைகளைக் காதில் விழுகிறபடி எழுதுவது இந்தப் பகுதியின் வழக்கம், பெரிய எழுத்து வேண்டிய இடத்தை மட்டும் சொல்வேன்.) சிஎல்இன்ஃபோ என்பது ஓப்பன்சிஎல் (கிராஃபிக்ஸ் கார்டிடம் கணக்கு வேலை வாங்கும் பொது முறை) வழியாக எந்தெந்தக் கார்டில் கணக்குப் போட முடியும் என்று பட்டியல் தருகிற சின்ன நிரல். நீங்கள் ஓட்டினால் கார்டின் பெயர் வரும். பாயிங்க் பெயரில் ஓட்டினால் சாதனங்கள் பூஜ்யம் என்று வரும். வந்தால் கவலை வேண்டாம், நோய் பிடிபட்டுவிட்டது.

காரணம் இரண்டு இருக்கிறது, இரண்டுமே உங்கள் வீட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலாவது, அனுமதி. 'எல்எஸ், மைனஸ் எல்' போட்டு டெவ் அடைவுக்குள் இருக்கும் டிஆர்ஐ என்ற அடைவைப் பாருங்கள். அங்கே ரெண்டர்டி128 என்று ஒரு கோப்பு இருக்கும். கணக்குப் போட கார்டுக்குள் நுழையும் வாசல் அதுதான். அதன் உரிமையாளர் ரூட், அதாவது சிஸ்டத்தின் நிர்வாகி; குழு 'ரெண்டர்'. மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. 'அப்படியானால் நானும் அந்தக் குழுவில் இல்லையே, எனக்கு மட்டும் எப்படித் திறக்கிறது?' என்று கேட்பீர்கள். அந்த வரியில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி ஒட்டியிருக்கும், பாருங்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து லாகின் செய்த ஆளுக்கு சிஸ்டம் தனியாகக் கொடுக்கும் சலுகை அது. பின்னணியில் ஓடும் பாயிங்க்குக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தக் கூட்டல் குறியைக் கவனிக்காமல் நானே மூன்று ராத்திரி வீணடித்திருக்கிறேன். உங்களைப் போலவே ஓஎஸ்ஸையும் அழித்துப் போட்டேன். பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயமில்லை, கடைப் பையன்கள் இன்னும் கேலி செய்கிறார்கள்.

தீர்வு ஒரு வரிதான்: 'சூடோ யூசர்மாட்', பிறகு மைனஸ் போட்டு சிறிய ஏ, பெரிய ஜி, பிறகு 'வீடியோ, ரெண்டர்' என்று நடுவில் இடைவெளி விடாமல் கமா போட்டு, கடைசியில் பாயிங்க். அந்தச் சிறிய ஏ-வை விட்டுவிடாதீர்கள். விட்டால், அந்தப் பயனர் ஏற்கெனவே சேர்ந்திருந்த மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் பேர் அடிபட்டுப் போகும். உங்கள் சொந்தப் பெயருக்கு இந்தக் கட்டளையை ஏ இல்லாமல் ஓட்டிவிட்டு, சூடோ உரிமையே, அதாவது நிர்வாகியாகக் கட்டளையிடும் உரிமையே போய் என் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, அந்த ரஸ்டிகல் வரி. ரஸ்டிகல் என்பது மெசா என்ற திறந்தமூலத் தொகுப்புக்குள் இருக்கும் ஓப்பன்சிஎல் பகுதி. அதற்கு 'ரேடியான் கார்டைத் தொடலாம்' (உங்கள் 580 ரேடியான் வகைதான்) என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் தொடும். நீங்கள் அதை பாஷ்ஆர்சியில் சொன்னீர்கள். பாஷ்ஆர்சி என்பது நீங்கள் டெர்மினலைத் திறக்கும்போது உங்களுக்காகப் படிக்கப்படும் கோப்பு. பின்னணியில் சர்வீஸாக ஓடும் பாயிங்க் அதை எட்டிக்கூடப் பார்க்காது. அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் பாயிங்க்-கிளையன்ட்' என்று அடித்தால் ஒரு கோப்பு திறக்கும். மேலே சதுர அடைப்புக்குள் 'சர்வீஸ்' (முதல் எழுத்து பெரியது), அடுத்த வரியில் 'என்விரான்மென்ட்' (இதற்கும் முதல் எழுத்து பெரியது), சமக்குறி, பிறகு நீங்கள் பாஷ்ஆர்சியில் எழுதிய அதே வரி. முன்னால் இருக்கும் 'எக்ஸ்போர்ட்' என்ற சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள். சேமித்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரீஸ்டார்ட் கட்டாயம். பாயிங்க் தொடங்கும்போது ஒரே ஒரு தடவைதான் கார்டைத் தேடும். அதற்காகத் தன்னையே இன்னொரு பிரதியாகக் கிளப்பி அனுப்புகிறது. டிரைவர் கோளாறில் அந்தப் பிரதி செத்தாலும் மெயின் ஆள் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்ற முன்ஜாக்கிரதை. அந்த ஒரு தேடலில் கிடைக்கவில்லை என்றால், அடுத்த ரீஸ்டார்ட் வரைக்கும் 'இல்லை'தான். நீங்கள் எத்தனை தடவை மேனேஜர் ஜன்னலை மூடித் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை, ஜன்னல் வேறு, பின்னணியில் வேலை பார்க்கும் கிளையன்ட் வேறு.

இதிலேயே இன்னொரு வம்பும் உண்டு. கையால் ரீஸ்டார்ட் செய்தால் கார்டு கிடைக்கிறது, ஆனால் கரண்ட் போய் வந்து மெஷின் தானாகக் கிளம்பினால் காணாமல் போகிறது என்றால், டிரைவர் தயாராகும் முன்பே பாயிங்க் போய்த் தேடிவிட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். அதே எடிட் கோப்பில் சர்வீஸ் பகுதியில் 'எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ' வரி ஒன்று போட்டு, 30 விநாடி தூங்கச் சொல்லுங்கள். என் கடை மெஷின் இப்போதும் அப்படித்தான் ஓடுகிறது. நாகரிகமான வழி இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால், பாயிங்க்கின் தரவு அடைவில் உள்ள சிசி கான்ஃபிக் எக்ஸ்எம்எல் கோப்பில் 'கோப்ராக் டீபக்' என்ற கொடியை 1 ஆக்குங்கள். எந்த லைப்ரரியைத் தேடினேன், எங்கே தடுக்கி விழுந்தேன் என்று ஈவென்ட் லாகில் அதுவே புலம்பும். அந்தப் புலம்பலை எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஜிடி 710. லினக்ஸ் மின்ட். அப்டேட் கேட்டது, கொடுத்தேன். மறுநாள் முதல் பாயிங்க்குக்குக் கார்டு தெரியவில்லை. ஆனால் திரையில் படம் வருகிறது. அனுமதிப் பிரச்சினையா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், நாகர்கோவில்

பதில்: இல்லை ஐயா, உங்கள் கதை வேறு. 'எல்எஸ்பிசிஐ, மைனஸ் கே' போட்டு, கார்டுக்குக் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். 'நூவோ' என்று இருந்தால் விளங்கிவிட்டது. நூவோ என்கிற திறந்தமூல டிரைவர் படம் காட்டும், ஆனால் என்விடியா கார்டில் கணக்குப் போட உதவும் 'கூடா' முறை அதில் ஓடாது. என்விடியாவின் சொந்த டிரைவர் ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் (லினக்ஸின் மையப் பகுதி, அப்டேட்டில் மாறும்) திரும்பக் கட்டப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற நிரல் அதைத் தானாகச் செய்யும். அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டால் அதனால் கட்ட முடியாது. கட்டினாலும், பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆன் ஆகி இருந்து, டிரைவருக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கையொப்பம் இல்லாவிட்டால் கெர்னல் அதை உள்ளே விடாது. டிமெசேஜ் என்ற கெர்னல் பதிவில் 'சாவி நிராகரிக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

உங்கள் கார்டு கெப்ளர் தலைமுறை. அதற்கான கடைசி டிரைவர் வரிசை 470, அதற்கு மேல் போட்டால் ஏற்காது. ரொம்பப் புதிய கெர்னலில் 470 கட்டப்படாமல் முரண்டு பிடிக்கலாம். இன்றைக்கே வேலை ஆக வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது: 710-க்கு இருப்பது 192 கோர்தான். இவ்வளவு பாடுபடுவதற்கு, பிராசசரை மட்டுமே கேட்கும் ரோசெட்டா அட் ஹோம் போன்ற திட்டத்தில் சேர்ந்தால் நிம்மதி. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கிற வேலை அது.

கேள்வி: ஒரே மாடலில்லாத இரண்டு கார்டு போட்டிருக்கிறேன். பாயிங்க் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: அதன் சுபாவம் அப்படி. இருப்பதில் பலசாலியை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன சிசி கான்ஃபிக் கோப்பில், ஆப்ஷன்ஸ் பகுதிக்குள் 'யூஸ் ஆல் ஜிபியுஸ்' என்பதை 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் செட்டி அட் ஹோம் திட்டத்தில் சேர ஆசை. வேலையே வரவில்லை. கார்டு காரணமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கார்டு பாவம். 1999-இல் தொடங்கிய அந்தத் திட்டம், 2020 மார்ச் 31-உடன் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது.

கேள்வி: என் பையன் ராத்திரி பூரா ஒரு கம்ப்யூட்டரை ஓடவிட்டுத் தூங்குகிறான். கேட்டால் நட்சத்திரம் தேடுகிறேன் என்கிறான். கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?
– இல்லத்தரசி, கோவில்பட்டி

பதில்: அம்மா, உங்கள் கடித உறையில் இருக்கும் முகவரியும் முதல் கடிதத்தின் முகவரியும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தேன். பையனிடம் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். இதுவரை அந்தக் கார்டு ஒரு கணக்கும் போடவில்லை, இந்த இதழைப் படித்த பிறகுதான் போடப் போகிறது. 580 கார்டு முழு மூச்சில் ஓடினால் 185 வாட். ராத்திரிக்கு 8 மணி நேரம் என்றால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்குச் சுமார் 89 யூனிட், அதுவும் கார்டுக்கு மட்டும். நமக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100. மிச்சம் 11 யூனிட்டை வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜை எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஓடலாம் என்று பாயிங்க்கின் அமைப்பிலேயே குறித்துவைக்க வழி இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குச் சம்மதியுங்கள். அவன் நான்கு கேட்பான்.