இரண்டு வருட ஒப்பந்தமும் மூன்று வயதுக் குழந்தையும்: காட்பாடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். காட்பாடிக்காரர், வேதியியலில் முனைவர் பட்டம், அரசுக் கல்லூரி ஒன்றில் ஐந்து வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய், மே மாதம் அதுவும் கிடையாது. இப்போது கிழக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆய்வுப் பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை. "அங்க போனா பர்மனென்ட் ஆயிடுமா, இல்ல அதுவும் இதே கதைதானா?" என்று மாமனார் கேட்கிறார், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

பல்கலைக்கழக வேலை பர்மனென்ட் ஆகாது. மாமனாரிடம் அதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அப்படியும் உங்களைப் போகத்தான் சொல்வேன். எதை நம்பிப் போக வேண்டும், எதை நம்பக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராணிப்பேட்டை, நவல்பூர். அப்பா தபால் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவர். அவருக்கு வேலை என்றாலே பர்மனென்ட் வேலைதான், மற்றதெல்லாம் ஏதோ போய்வருவது. 2009-ல் முனைவர் பட்டத்துக்காக ஜெர்மனி போனேன். சிப்காட்டில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுப் போன கழிவுக் குவியலைப் பார்த்து வளர்ந்தவள், அதனால் மண்ணில் குரோமியம் எப்படி இறங்குகிறது என்பதையே ஆய்வாக எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவுக்கு போன் போடுவேன். அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னாம்மா, பர்மனென்ட் ஆச்சா?" பத்து வருடம் அந்தக் கேள்விக்கு "இன்னும் இல்லப்பா" என்றுதான் சொன்னேன்.

அந்தப் பத்து வருடத்தில் நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் ஒன்பது. முதலில் பாதிப் பணி: சம்பளம் பாதி, வேலை மட்டும் முழுசு. பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருடம், ஒரு வருடம், எட்டு மாதம் என்று குறைந்துகொண்டே வந்தது. ஒன்று மூன்றே மாதம். அதைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. டிசம்பர் 31-ல் பழைய ஒப்பந்தம் முடிகிறது. புதியதற்கு 19-ம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜனவரி 2 காலை ஏழரை மணிக்குப் போய்க் கதவில் அட்டையை வைக்கிறேன், சிவப்பு விளக்கு எரிகிறது. கணினியைப் பொறுத்தவரை நான் அங்கே வேலை செய்யாத ஆள். உள்ளே கண்ணாடிக் குழாய்களில் மண் நிரப்பி, மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கீழே நாலு மணி நேரத்துக்கு ஒரு குப்பியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். குப்பி நிரம்பி வழிந்தால் ஐந்து வார வேலை போச்சு. வெளியே பனி கொட்டுகிறது. கட்டடக் காவலர் ஒன்பது மணிக்கு வந்து திறந்துவிடும்வரை ஆய்வக ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு குப்பிகள் வழிந்திருந்தன.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அந்த அமைப்பே அப்படித்தான் ஓடுகிறது. அதை நீங்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஆறாம் வருடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

2007-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது, ஆய்வாளர்களைக் காலவரையறையோடு வேலைக்கு வைப்பது பற்றி. பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பட்டத்துக்குப் பின் ஆறு வருடம், மருத்துவத்தில் மட்டும் ஒன்பது. அதற்குள் பேராசிரியர் பதவியோ நிரந்தர இடமோ கிடைக்காவிட்டால் அந்தச் சட்டத்தின்படி மேலே ஒப்பந்தம் தர முடியாது. குழந்தை வளர்ப்பவர்களுக்கு ஒரு குழந்தைக்கு இரண்டு வருடம் உச்சவரம்பு கூடும், உங்களுக்கும் அது பொருந்தும். ஆனால் வரம்புதான் கூடுகிறது. வேலையை நீட்டித்தே ஆக வேண்டும் என்று எவருக்கும் கட்டாயம் இல்லை. பலர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். வெளி நிதித் திட்டப் பணமாக இருந்தால் கணக்கே வேறு: திட்டம் இருக்கும்வரை ஒப்பந்தம், அவ்வளவுதான்.

2021-ல் வந்த அரசு அறிக்கையின்படி 45 வயதுக்கு உட்பட்ட, பேராசிரியர் அல்லாத ஆய்வாளர்களில் 92 விழுக்காட்டினர் காலவரையறை ஒப்பந்தத்தில்தான் இருந்தார்கள். அதே வருடம் ஜூன் மாதம், கல்வி அமைச்சகம் இந்தச் சட்டத்தை விளக்கி வெளியிட்டிருந்த ஒரு காணொளி பெரிய கொந்தளிப்பைக் கிளப்பியது. ஒரு தலைமுறையே எல்லா இடங்களையும் அடைத்துக்கொள்ளக் கூடாது, அதற்குத்தான் இந்தச் சுழற்சி என்று அதில் சொல்லியிருந்தார்கள். அதில் வரும் கற்பனை ஆய்வாளரின் பெயர் ஹன்னா. "நான்தான் ஹன்னா" என்று ஆயிரக்கணக்கானோர் தங்கள் ஒப்பந்தக் கணக்கை வரிசையாக எழுதினார்கள். நானும் என் ஒன்பதை எழுதினேன். சட்டத்தைத் திருத்த 2024-ல் ஒரு மசோதா வந்தது, அந்த ஆண்டு நவம்பரில் ஆளும் கூட்டணி உடைந்ததோடு அதுவும் போய்விட்டது.

சின்ன ஊர்ப் பல்கலைக்கழகம் என்பதால் இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. நல்லது முதலில். வாடகை குறைவு. குழந்தைக்கு மழலையர் காப்பகத்தில் இடம் கிடைப்பது மேற்கைவிடக் கிழக்கில் எளிது. பேராசிரியர் உங்கள் பெயரைத் தெரிந்து வைத்திருப்பார். ஆனால் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் மாநில அரசின் பணமும் இறுகும். முதலில் கை வைப்பது காலி இடங்களில்தான். அங்கே நீங்கள் துறைக்கு வேலை செய்யவில்லை, ஒரு பேராசிரியரின் குழுவில் இருக்கிறீர்கள். அவர் ஓய்வு பெற்றாலோ வேறு ஊர் போனாலோ குழுவே கலைந்துவிடும். என் பக்கத்து அறையில் இருந்த உயிரியல்காரருக்கு அப்படித்தான் ஆயிற்று. 46 வயது, இரண்டு பிள்ளைகள். பேராசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல் நிறுத்திவிட்டார்கள். அந்த ஊரில் வேறு ஆய்வகம் கிடையாது. இன்று அவர் பள்ளி ஆசிரியர், நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் நுண்ணோக்கியைத் தொட்டு ஏழு வருடம் ஆகிறது என்று சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் பேராசிரியரிடம் கேட்டுவிடுங்கள். பணம் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியா, திட்ட நிதியா? திட்டம் என்றால் எந்த மாதம் முடிகிறது? அவர் ஓய்வு பெற எத்தனை வருடம்? நம் ஊரில் இதையெல்லாம் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்போம். அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, கேட்காதவரைத்தான் அனுபவம் இல்லாதவர் என்று நினைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இது வேலை ஒப்பந்தமா, உதவித்தொகையா என்று பாருங்கள். உதவித்தொகை என்றால் ஓய்வூதியப் பிடித்தமும் இல்லை, வேலையிழப்புக் காப்பீடும் இல்லை. கையில் வரும் பணம் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், முடியும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

வேலை ஒப்பந்தம், அதுவும் இ13 நிலையில் (அங்கே அரசுத் துறைச் சம்பள அட்டவணையில் ஆய்வாளர்களுக்கான படி) முழுப் பணி என்றால் தைரியமாகக் கிளம்புங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

பல்கலைக்கழக வேலை நிரந்தரம் ஆகாவிட்டாலும் நீங்கள் அந்த நாட்டில் தங்கும் உரிமை நிரந்தரம் ஆகும். சென்னை துணைத் தூதரகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே ஆய்வாளர் அனுமதி வேண்டாம், ப்ளூ கார்டு (பட்டம் படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான தங்கும் அனுமதி) வேண்டும் என்று கேளுங்கள். அதற்கான சம்பள வரம்பு வருடா வருடம் மாறும், முழு இ13 சம்பளம் அதை எட்டிவிடும், பாதிப் பணி எட்டாது. ப்ளூ கார்டில் ஜெர்மன் மொழி பி1 நிலை, அதாவது அன்றாடம் பேசிச் சமாளிக்கும் நடுத்தர நிலை, இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். மொழி அவ்வளவு வராவிட்டால் 27 மாதம். ஆய்வாளர் அனுமதி என்றால் மூன்று வருடம். உங்கள் ஒப்பந்தமோ 24 மாதம். கணக்கு புரிகிறதா? பி1 இருந்தால் ஒப்பந்தத்துக்குள் முடியும், இல்லாவிட்டால் முடியாது. உங்கள் இரண்டு வருடத்தில் மிக முக்கியமான தேர்வு அந்த மொழித் தேர்வுதான், ஆய்வுக் கட்டுரைகூட அப்புறம்தான். கட்டுரைக்காக மாலை வகுப்பைத் தள்ளிப்போட்டு நான் நாலு வருடம் வீணாக்கினேன். நீங்கள் இங்கேயே, விசா வருவதற்குள் முதல் நிலையை முடித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 21-ம் மாதம் விண்ணப்பிக்கும்போது ஒப்பந்தத்தில் மூன்று மாதம்தான் பாக்கி இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மதுரைப் பையனிடம், மேலே வேலை இருப்பதற்குக் கடிதம் கொண்டுவா என்று அதிகாரி கேட்டுவிட்டார். பேராசிரியரிடம் ஆறு மாத நீட்டிப்புக் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் காரியம் நடந்தது. அந்தப் பேச்சை 18-ம் மாதமே தொடங்கிவிடுங்கள்.

பிறகு இரண்டு தேதிகள். ஒன்று, ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். நீட்டிப்பு வரும் என்று பேராசிரியர் வாய்வார்த்தை சொல்லியிருந்தாலும் பதியுங்கள். தவறினால் வேலையிழப்பு உதவியில் ஒரு வாரப் பணம் நிற்கும். 24 மாதம் முழுசாகக் காப்பீடு கட்டியிருந்தால் 12 மாதம் வரை உதவி உண்டு, குழந்தை இருப்பதால் நிகரச் சம்பளத்தில் 67 விழுக்காடு. தங்கும் அனுமதி காலாவதியானால் இதுவும் நிற்கும், அதனால் இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வேலையில் சேர்ந்த முதல் இரண்டு மாதத்துக்குள். அரசுத் துறைக் கூடுதல் ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 60 மாதம் கட்டினால்தான் உரிமை வரும். குறுகிய கால ஆய்வாளர்கள் அதிலிருந்து விலகி, அந்த ஓய்வூதிய நிறுவனத்தின் வேறு திட்டத்துக்கு மாறிக்கொள்ள முடியும். அந்த இரண்டு மாதம் போய்விட்டால் மாற முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஊர் வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024-ல் டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) 4000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவித்ததை நம்பிக் காத்திருந்தவர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அந்தக் கதவை நீங்களே சாத்திவிட்டுப் போகாதீர்கள். நெட் (விரிவுரையாளர் தகுதித் தேர்வு) தேர்ச்சிக்குக் காலாவதி கிடையாது. கல்லூரியில் அனுபவச் சான்றிதழைக் கிளம்பும் முன்பே முத்திரையோடு வாங்கிவிடுங்கள். அங்கிருந்துகொண்டு ஒரு முதல்வரின் கையெழுத்துக்கு அலைவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவருக்கும் வேலை செய்ய உரிமை உண்டு, ப்ளூ கார்டுக்காரரின் துணை என்றால் விசாவுக்கு மொழிச் சான்றும் கேட்கமாட்டார்கள். காட்பாடியில் வேலை போனாலும் வீடு இருக்கிறது, அம்மா கையால் சோறு இருக்கிறது. அங்கே வேலை, வீடு, விசா மூன்றும் ஒரே கயிற்றில் தொங்கும். நவம்பர் மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் "உன் ஒப்பந்தம் எப்போ முடியுது?" என்ற கேள்வியை அவரும் சேர்ந்துதான் சுமக்கப் போகிறார். என் முதல் வருடங்களில் அப்படிச் சேர்ந்து சுமக்க யாரும் இல்லை. மொழி வகுப்புக்கு இரண்டு பேரும் போங்கள்.

நான் 2019-ல் பல்கலைக்கழகத்தை விட்டேன். இப்போது ஒரு குடிநீர் ஆய்வகத்தில் இருக்கிறேன், காலவரையறை இல்லாத வேலை. ஒப்பந்தத்தை போனில் அப்பாவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். முடியும் தேதி எழுதும் இடத்தில் கோடு மட்டும் போட்டிருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை அவர். "அந்தக் கோட்ட போட்டோ புடிச்சி அனுப்பு" என்றார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் படம் இன்னும் அவர் போனில் இருப்பதை நேற்று அம்மா காட்டினார்.

அடுத்த புதன் வரை நான் நவல்பூரில்தான் இருக்கிறேன். காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக வந்தால் முக்கால் மணி நேரம். ஒப்பந்த நகலை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் வாருங்கள், மனைவியையும் குழந்தையையும் அழைத்துவாருங்கள். மாமனாரும் வரட்டும். எது நிதி, எது தேதி என்று ஒவ்வொரு பக்கமாகச் சேர்ந்து பார்த்துவிடலாம்.