எத்தனை வாரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா மகளுக்கு வயது 16. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரமாகிறது, சோதனை அட்டையில் இரண்டு கோடு வந்துவிட்டது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். கலைப்பது தவறு என்று ஒரு நேரம் தோன்றுகிறது. படிப்பு என்ன ஆகும் என்று மறுநேரம் தோன்றுகிறது. அவளைக் கேட்டால் "நீங்களே சொல்லுங்கள், சித்தி" என்கிறாள். இரண்டு வாரக் கருதானே, யோசிக்க அவகாசம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவளுக்கு நான் என்ன சொல்வது?

க.

அன்புள்ள க,

உங்கள் கடிதத்தில் முதலில் திருத்த வேண்டியது 'இரண்டு வாரக் கரு' என்ற கணக்கை. மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவளுக்கு நாள் தள்ளிப்போகும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். அதற்கு மேல் இரண்டு வாரம் என்றால் இப்போது ஆறு. இந்த வயதில் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருவது சாதாரணம் என்பதால் அந்த ஆறு எட்டாகவும் இருக்கலாம். ஸ்கேன் செய்தால்தான் உறுதியாகும். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். கருக்குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் கடும் வலியோ, தோள்பட்டை வலியோ, மயக்கமோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கலைப்பது சரியா தவறா என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. வயிறு என்னுடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல. ஆனால் வாரங்கள் யாருக்காகவும் நிற்பதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரு மாத்திரைகளால் கலைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 12 வாரத்துக்குட்பட்ட கர்ப்பத்துக்கும், கருவை உறிஞ்சி எடுக்கும் முறையை 14 வாரம் வரையிலும் பரிந்துரைக்கிறது. அதற்குப் பிறகும் வழிகள் உண்டு என்றாலும் அவை மேலும் கடினமானவை, பல நாடுகளில் சட்டமும் இறுகிவிடும். முறையாகச் செய்த கருக்கலைப்பால் பின்னாளில் குழந்தை பிறக்காமல் போகும் என்ற பேச்சை நம்பாதீர்கள். யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கிக் கொடுத்து முடித்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை வாரம், கரு எங்கே என்று தெரியாமல் விழுங்கும் மாத்திரை கருக்குழாய்க் கர்ப்பத்தைக் கலைக்காது, அதன் அறிகுறியை வேண்டுமானால் மறைத்துவிடும்.

பெற்றுக்கொள்வது என்று அவள் முடிவெடுத்தால் அதையும் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். பத்தொன்பது வயதுக்குட்பட்ட தாய்மார்களுக்கு, இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களைவிட, கர்ப்பகால வலிப்பும் பிரசவத்துக்குப் பின் கருப்பைத் தொற்றும் வரும் வாய்ப்பு அதிகம். குழந்தை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறக்கும் வாய்ப்பும் கூடுதல். முதல் மாதங்களிலேயே மருத்துவக் கவனிப்பும், 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் வேண்டும். உடம்பைத் தாண்டிய கேள்விகளை "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வாக்கியத்தில் முடித்துவிடாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையை எடுப்பது யார்? அவள் பரீட்சை எழுதும் மூன்று மணி நேரம் அது யார் மடியில் இருக்கும்? பெயர் சொல்லிப் பதில் வரட்டும்.

தத்துக்கொடுப்பது மூன்றாவது வழி. வயிற்றில் இருக்கும்போதே யாரிடமும் வாக்குக் கொடுக்க அவளை விடாதீர்கள். நாடு விட்டு நாடு தத்துக்கொடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைகூட, தாயின் ஒப்புதலைக் குழந்தை பிறந்த பிறகே பெற வேண்டும் என்கிறது.

"நீங்களே சொல்லுங்கள், சித்தி" என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்த பிள்ளை அப்படித்தான் சொல்லும். பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு முடிவெடுத்துவிட்டு, அவளே கேட்டதாகப் பிறகு சொல்வார்கள். இது அவள் விருப்பத்தோடு நடந்ததா, அவன் யார், அவனுக்கு என்ன வயது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் எழுதவில்லை. வற்புறுத்தல் இருந்திருந்தால் இது குற்றமும் ஆகும், அவளுக்குப் பாதுகாப்பும் வேண்டும். அவள் வயதுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவையா, காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவரின் கடமையா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதைச் சந்திப்பின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் அக்காவுக்குச் சொல்ல வேண்டிவந்தால் அவள் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். அவளோடு பத்து நிமிடம் தனியாகப் பேசும்படி மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நீங்கள் வெளியே உட்காருங்கள்.