தோல் கேஸ் செய்யக் கொடுக்கும் முன் ஸ்டிக்கை அளந்துவிடுங்கள்

கேள்வி: மகன் இங்கே ஒரு கிளப்பில் ஸ்னூக்கர் ஆடுகிறான். அமெரிக்காவில் பூல் (ஸ்னூக்கர் மாதிரியே மேஜையில் ஆடும் ஆட்டம்) ஸ்டிக் வைக்க, தோலில் பூவேலை செய்த கேஸ் செய்வதை வீடியோவில் பார்த்துவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்று நிற்கிறான். பை தைக்கும் ஒருவர் செய்து தருவதாகச் சொல்லி, போட்டோவையும் பாதிப் பணத்தையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பணம் இருக்கட்டும். மகனுடைய ஸ்டிக் எந்த இடத்தில் கழல்கிறது என்று முதலில் பாருங்கள். பூல் ஸ்டிக் சுமார் 58 அங்குலம் இருக்கும். சரிபாதியில் கழலும் என்பதால் 29 அங்குலத்தில் இரண்டு துண்டு. வீடியோவில் வரும் கேஸ் எல்லாம் இந்தக் கணக்குக்குச் செய்தவை. ஸ்னூக்கர் பையன்கள் நிறையப் பேர் வைத்திருப்பது த்ரீ குவார்ட்டர் ஸ்டிக். மொத்த நீளம் ஏறக்குறைய அதேதான், ஆனால் கைப்பிடிப் பக்கமாகக் கழலும். முன்துண்டு மட்டுமே 40 அங்குலத்தைத் தாண்டும். போட்டோவைப் பார்த்து அப்படியே செய்தால் பத்து அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்னூக்கருக்கு விதி எழுதியது நம் ஊட்டி கிளப்பில்தான், 1882இல். இருந்தும் கேஸ் அளவுக்கு அமெரிக்கக்காரர் கணக்கைப் பிடித்துக்கொண்டு அலைகிறோம்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன், யாரும் ஏமாற்றாமலே. ஸ்டிக்கை ஒழுங்காக அளந்து கொடுத்தேன், ஜாயின்ட்டில் திருகும் மூடியை அளக்க மறந்துவிட்டேன். கேஸ் வந்தது, வேலைப்பாடு கண்ணைப் பறித்தது, மேல்மூடி மட்டும் முக்கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கிள் எட்டவே இல்லை. செய்தவரை என்ன சொல்ல?

ஆகவே ஒவ்வொரு துண்டையும் மூடியோடு அளந்து, தடிமனான இடத்தின் சுற்றளவையும் எழுதிக் கொடுங்கள். எத்தனை துண்டு வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். இந்தத் தொழிலில் 2x4 என்றால் கைப்பிடித் துண்டு இரண்டு, முன்துண்டு நான்கு என்று அர்த்தம். ஒரே ஸ்டிக் வைத்திருக்கும் பையனுக்கு 1x2 போதும். உள்ளே என்ன குழாய் என்றும் கேளுங்கள். பிவிசி குழாய்க்குள் துணி ஒட்டியிருந்தால் சரி. அட்டைக் குழாய் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஊறிப்போகும்.

பாதிப் பணம் கேட்பதில் தப்பில்லை, அவர் தோல் வாங்கியாக வேண்டும். ஆனால் வேலை நடக்கும் முறையை வைத்தே பணத்தைப் பிரிக்கலாம். தோலைத் தட்டையாக விரித்து, லேசாக நனைத்து, கத்தியால் கோடு கீறி, அச்சு வைத்துக் கொட்டாப்புளியால் தட்டுவார்கள். பூவேலை முழுக்க முடிந்த பிறகுதான் குழாயைச் சுற்றித் தைப்பது. தைத்துவிட்டால் எதையும் மாற்ற முடியாது. அதனால் மூன்றில் ஒரு பங்கு முதலில், பூவேலை முடிந்து தோல் தட்டையாக இருக்கும்போது நேரில் பார்த்து இன்னொரு பங்கு, மிச்சம் ஸ்டிக்கை உள்ளே போட்டுப் பார்த்த பிறகு. இதற்கு அவர் ஒத்துக்கொண்டால் தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி: "கையால் செதுக்கியது, அசல் தோல்" என்று விற்கிறார்கள். மெஷினில் அழுத்தியதா, கைவேலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஒரே பூ மூன்று இடத்தில் இருந்தால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெஷின் வேலை என்றால் நாணயம் மாதிரி மூன்றும் ஒன்றாக இருக்கும். கைவேலையில் ஒரு இதழ் கொஞ்சம் கொழுத்திருக்கும், ஒரு காம்பு கொஞ்சம் சாய்ந்திருக்கும். கத்திக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினால் ஆரம்பத்தில் ஆழமாகவும் முடிவில் இழைந்து காணாமல் போவதாகவும் இருக்கும். மெஷின் அழுத்திய கோட்டுக்கு விளிம்பு மழுங்கல்.

தோலையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாத் தோலிலும் இந்த வேலை நிற்காது. மரப்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலில்தான் அச்சு பதியும். குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட தோலில் தட்டினால் கொஞ்ச நேரத்தில் பழையபடி எழும்பிவிடும். சாயம் போடாத துண்டு ஒன்று கேட்டு வாங்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டைத் தோல் குடித்துவிட்டுக் கறுக்கும். அந்த ஈர இடத்தில் நகத்தை அழுத்தினால் தடம் அப்படியே இருக்கும். வெட்டிய ஓரம் உள்ளேயும் பழுப்பாக இருந்தால் நல்லது. நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூவுக்குப் போவது பெரும்பாலும் இந்த வகை. திண்டுக்கல், திருச்சிப் பக்கம் பட்டைத் தோலுக்குப் பேர் போனது. கேஸுக்கு மூன்று மில்லிமீட்டர் கனமாவது இருந்தால்தான் ஆழமாகக் கீற முடியும், ஆட்டுத்தோல் பத்தாது.

தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கமிருந்தும் மாற்றி மாற்றி எடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படித் தைத்தால் ஓரிடத்தில் அறுந்தாலும் சரசரவென்று பிரியாது.

என்ன படம் போடலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் வயோமிங் பக்கம் ஷெரிடன் என்ற ஊரின் பெயரிலேயே ஒரு பூவேலை உண்டு, குதிரைச் சேணத்தில் வளர்ந்தது. அதைத்தான் எல்லோரும் நகலெடுக்கிறார்கள். நமக்கு நெற்கதிர் இல்லையா, அல்லிப்பூ இல்லையா? சாமி படம் மட்டும் வேண்டாம். தோலில் அதைத் தட்டச் செய்பவருக்கே கை வராது.

கேள்வி: ஐப்பசி மழையில் என் தோல் கேஸில் வெள்ளையாகப் பூஞ்சை. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: தடவாதீர்கள். தோல் கறுக்கும், எண்ணெய் அதிகமானால் தொளதொளத்துப் பூவேலையும் மங்கும். காய்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயில் வேண்டாம். அப்புறம் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பீரோவுக்குள் வைக்காதீர்கள், பூஞ்சை வந்த வழியே அதுதான். ஸ்டிக்கையும் வெளியே எடுத்துப் பாருங்கள். கேஸ் நனைந்திருந்தால் உள்ளே மரமும் ஈரம் வாங்கி வளையும்.

கேள்வி: வெளியூரில் ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுத்து அட்வான்ஸ் 6,000 ரூபாய் அனுப்பினேன். இரண்டு மாதம் என்றார், ஏழு மாதம் ஆகிறது. இப்போது பதிலே இல்லை. ஆர்டர் கொடுத்துச் செய்த பொருளுக்குப் புகார் செல்லுமா?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: செல்லும். ஆர்டர் கொடுத்தது என்பதற்காக நுகர்வோர் சட்டம் உங்களைத் தள்ளிவிடாது. முதலில் கடைசியாக ஒரு கெடு வைத்து, 15 நாளில் கேஸ் அல்லது பணம் என்று எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்போடு பதிவுத் தபாலிலும் போகட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். பல பேர் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுவார்கள்.

இல்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். யுபிஐ ரசீது, அவர் தேதி சொன்ன செய்தி, நீங்கள் அனுப்பிய அளவு, மூன்றையும் பிரிண்ட் எடுத்துவிடுங்கள். போன் மாற்றும் யோசனை இருந்தால் அதற்கு முன்பே.