தனியார் பணத்தில் பொது ஆலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஏலக்குத்தகை (டெண்டர்) ஆவணங்களைப் படித்து விலைக்கணக்குப் போடுவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. சிங்கப்பூரில் தனியார் கம்பெனி தன் பணத்தில் பொதுமக்களுக்கான ஆலையைக் கட்டி நடத்தும் ஏற்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொங்கோலிலிருந்து ஓர் அக்கா: கம்பெனிதானே காசு போடுகிறது? அரசாங்கம் அனுமதி கொடுக்க ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்?

அக்கா, அது தானம் இல்லை, கடன். கம்பெனி வங்கியில் வாங்கிக் கட்டும். அந்தக் கடனும் வட்டியும் லாபமும் 20, 25 ஆண்டுகளுக்கு நாம் கொடுக்கும் கட்டணத்திலிருந்துதான் அடையும். இன்று போடும் ஒரு கையெழுத்து, இப்போது பாலர் பள்ளியில் இருக்கும் பிள்ளை வேலைக்குப் போகும் வரை பணம் கட்டச் சொல்கிறது. யோசிக்கத்தான் வேண்டும்.

ஈசூன் தம்பி: யார் முடிவெடுக்கிறார்கள்?

தேவை சம்பந்தப்பட்ட அமைப்பிடமிருந்து வரும். தண்ணீர் என்றால் பியுபி, அதாவது தேசியத் தண்ணீர் அமைப்பு. எப்போது இந்த வழியில் போகலாம் என்பதற்கு நிதி அமைச்சு 2004இல் ஒரு கையேடு போட்டது: 50 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேற்பட்ட திட்டங்களுக்குப் பரிசீலிக்கலாம். அரசாங்கமே செய்தால் என்ன செலவு, தனியார் செய்தால் என்ன செலவு என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் தகுதியுள்ள கம்பெனிகளை வடிகட்டி, ஒப்பந்த நகலைக் காட்டிக் கருத்துக் கேட்டு, பிறகுதான் ஏலக்குத்தகை.

இந்த வழியில் முதலில் வந்தது 2005இல் துவாஸில் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் சிங்ஸ்பிரிங் ஆலை. முதலாண்டு விலை ஒரு கன மீட்டருக்கு 78 காசு. எத்தனையோ பக்க ஆவணம் இருந்தாலும், எல்லார் கண்ணும் போய் நிற்பது அந்த ஓர் எண்ணில்தான்.

உட்லண்ட்ஸிலிருந்து: குறைந்த விலை கேட்டவருக்கே கொடுத்துவிட்டால் போதாதா? டுவாஸ்பிரிங் விஷயம் என்ன?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். 2011இல் டுவாஸ்பிரிங் என்ற இன்னொரு கடல்நீர் ஆலைக்கு ஏலக்குத்தகையில் வந்த முதலாண்டு விலை ஒரு கன மீட்டருக்கு 45 காசு. ஆலையோடு 411 மெகாவாட் மின்நிலையமும் சேர்ந்திருந்தது. மிஞ்சிய மின்சாரத்தை விற்று வருமானம் பார்க்கலாம் என்பது அதைக் கட்டிய ஹைஃபிளக்ஸ் நிறுவனம் போட்ட கணக்கு. 2013இல் ஆலை திறந்தது. பிறகு மின்சாரச் சந்தை விலை சரிந்தது, நட்டம் ஏறியது. 2018இல் நிறுவனம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. 2019 மே மாதம் பியுபி கடல்நீர் ஆலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஒப்பந்தப்படி மதிப்பிட்டபோது ஆலையின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே போனது. கம்பெனியிடமிருந்து வரவேண்டிய இழப்பீட்டை விட்டுக்கொடுத்து, பூஜ்ய வெள்ளிக்கு வாங்கினார்கள்.

நம் வீட்டுக் குழாய் ஒரு நாளும் நிற்கவில்லை. ஒப்பந்தத்தில் அதற்கான பாதுகாப்பை எழுதி வைத்திருந்தார்கள், அதைப் பாராட்டுகிறேன். ஆனால் ஹைஃபிளக்ஸில் ஏறக்குறைய 34,000 சிறு முதலீட்டாளர்களின் 900 மில்லியன் வெள்ளி மாட்டிக்கொண்டது. ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டவர்களும் அதில் உண்டு. இவ்வளவு மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் அனுமதி கொடுப்பவரின் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

காலாங் வாசி: இங்குள்ள சிங்கப்பூர் விளையாட்டு நடுவத்தையும் (ஸ்போர்ட்ஸ் ஹப்) ஏன் திரும்ப எடுத்தார்கள்?

அங்கே கம்பெனி திவாலாகவில்லை. 2010இல் 25 ஆண்டு ஒப்பந்தம், 2014இல் திறப்பு, 2022 டிசம்பரில் அரசாங்கத்தின் கை. தண்ணீரை அளந்துவிடலாம்: இத்தனை கன மீட்டர், இந்தத் தரம். அக்கம்பக்கப் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே வந்து ஓடினார்கள் என்பதை ஒப்பந்த வரியில் எழுதுவது கடினம். வணிக நிகழ்ச்சியும் சமூகப் பயன்பாடும் ஒரே திடலுக்குப் போட்டி போட்டால் ஒப்பந்தம் தடுமாறும்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: எங்கள் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கூரை நடைபாதை வேண்டும். இப்படிச் செய்யலாமா?

வேண்டாம், தொகை சின்னது. நகர மன்றத்திடமும் உங்கள் தொகுதி எம்பியிடமும் கேளுங்கள். மக்கள் சந்திப்பு நேரத்துக்குப் போகும்போது மழையில் நனையும் இடத்தின் படத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

தேக்காவிலிருந்து: எம்ஆர்டி ரயில் தடங்களும் தனியார் கடனில்தானா?

இல்லை. 2021இல் வந்த சிங்கா (முக்கிய உள்கட்டமைப்புக்கான அரசாங்கக் கடன்) சட்டப்படி அரசாங்கமே 90 பில்லியன் வெள்ளி வரை கடன் வாங்கலாம். திட்டம் குறைந்தது 4 பில்லியன் வெள்ளி மதிப்புள்ளதாக, அரசுக்குச் சொந்தமானதாக, 50 ஆண்டுகளாவது பயன் தருவதாக இருக்க வேண்டும். அரசாங்கத்துக்குக் கிடைக்கும் வட்டியில் எந்தக் கம்பெனிக்கும் கடன் கிடைக்காது. சுரங்கப் பாதைக்கு அதுதான் சரி.