நம்ம ஊர்க்காரர்தானே என்று பிள்ளையைக் காரில் ஏற்றாதீர்கள்

தம்பி, மெல்பர்ன் வந்து இரண்டு மாதம் ஆகிறது, எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, கார் உடனே வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, ஏழு வயது மகளை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத் தன் காரிலேயே கூட்டிப்போய் விடுவதாக அங்குள்ள ஒருவர் சொல்கிறார், நல்ல மனிதராகத் தெரிகிறார், அனுப்பலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். வீடு ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் இருந்தால் போதும், கார் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம். மகளை மட்டும் அனுப்பாதீர்கள்.

நாங்கள் 2008ல் வந்தோம். என் வீட்டுக்காரர் இரவில் டாக்சி ஓட்டினார், நான் ஒரு கிடங்கில் பெட்டி கட்டினேன். மகனுக்கு எட்டு வயது. ஞாயிறு கிரிக்கெட் பயிற்சிக்கு ஒருவர் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். தமிழர், கோயிலில் முன்வரிசையில் நிற்பவர். கும்பகோணத்தில் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போன பழக்கம் எனக்கு. கும்பிடாத குறையாக நன்றி சொன்னேன்.

சில மாதம் கழித்து ஞாயிறு காலை ஆனாலே மகனுக்கு வயிற்றுவலி. சோம்பல் என்று திட்டி அனுப்பினேன். ஒருநாள் அவன் தலையணை உறைக்குள் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று இருந்தது. யார் கொடுத்தது என்றேன். "அங்கிள், அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னார்" என்றான். பரிசு, ரகசியம், தனியாகக் கார் பயணம். பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்கள் முதலில் பிள்ளையைப் பழக்குவது இப்படித்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் வயிற்றைப் பிசைந்தது. அன்றோடு நிறுத்தினேன். பயிற்சி நடத்திய நிர்வாகத்தில் போய்ச் சொன்னபோது, "நம்ம சமூகத்தின் பெயர் கெட்டுவிடும், பெரிதாக்காதீர்கள்" என்றார்கள். இன்றுவரை ஆறவில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குகிறவர்கள், பிள்ளையை ஒப்படைக்கும்போது ஒரு கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள்.

நீங்கள் கேளுங்கள். மெல்பர்ன் இருக்கும் இந்த விக்டோரியா மாநிலத்தில் பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு 'வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' வேண்டும், அதாவது குற்றப் பின்னணி பார்த்து அரசு தரும் அட்டை. தன்னார்வலருக்குக் கட்டணம் கிடையாது, ஐந்து வருடம் செல்லும். எண்ணையும் குடும்பப் பெயரையும் போட்டால் இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். ஆனால் அந்த அட்டை இருப்பதால் ஒருவர் யோக்கியர் என்று ஆகிவிடாது. இதுவரை அகப்படவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதனால் வகுப்பில் ஒரு பெரியவர் மட்டும் பிள்ளையோடு தனியாக இருக்க நேருமா, கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவார்கள், பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிறார்களா, புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்பதையும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு வகுப்பு பாருங்கள். தமிழை வீட்டிலும் சொல்லிக்கொடுக்கலாம்.

இந்த நாட்டில் தேவாலயம், பள்ளி, விளையாட்டுக் கழகம் என்று நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையம் வைத்து 2013 முதல் 2017 வரை விசாரித்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வாயைத் திறக்கச் சராசரியாக 24 வருடம் ஆகியிருந்தது. சின்ன வயதில் பட்டதை நடுவயதில் வந்து சொல்லியிருக்கிறார்கள். 2014 முதல் விக்டோரியாவில், 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் ஒரு பெரியவர் பாலியல் குற்றம் செய்தார் என்று நம்பக் காரணம் இருந்தும், தகுந்த காரணமில்லாமல் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். மூன்று வருடம் வரை சிறை. சமூகத்தின் பெயர் என்று யாராவது ஆரம்பித்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், மகளிடம் "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று யார் முன்னாலும் கட்டாயப்படுத்தாதீர்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் வேண்டாம்தான். உடம்பின் பாகங்களுக்கு உரிய பெயரைச் சொல்லிக்கொடுங்கள். வகுப்புக்குப் போகமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள். நான் அன்று உட்காரவில்லை.

கடவுள் புண்ணியத்தில் மகனுக்கு வேறு எதுவும் நடக்கவில்லை. அதை என்னிடம் சொல்லவே அவனுக்குப் பத்து வருடம் ஆனது. இப்போது அவனே சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறான். போன வாரம் ஒரு பையனின் அப்பா வர முக்கால் மணி நேரம் தாமதம். என் மகன் இன்னொரு பயிற்சியாளரையும் போகவிடாமல் நிறுத்திக்கொண்டான். கார் கதவைத் திறக்காமல், மைதானத்தின் நடுவில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் மூன்று பேரும் பந்து போட்டுக்கொண்டு நின்றார்கள்.